கழல வேண்டிய கிளிப்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு ரோடு பைக்குக்கு, அதாவது ரேஸ் சைக்கிளுக்கு, மட்கார்டு பொருத்தினேன்.
2. முன் மட்கார்டு வழியில் கழன்றுகொள்கிறது என்று அது திரும்பி வந்தது.
3. இனிக் கழலவே முடியாதபடி கட்டிக் கொடுத்தேன். பாராட்டினார்கள்.
4. பாராட்டு பிடித்திருந்ததால் இன்னும் பத்து சைக்கிள்களில் அதையே செய்தேன்.
5. அந்தப் பதினொன்றில் ஒன்றை ஓட்டிய பேராசிரியர், விரல் தடிமனுள்ள ஒரு சுள்ளியால் ஈ.சி.ஆர். ரோட்டில் தலைகுப்புற விழுந்தார்.
6. மீதிப் பத்தையும் தேடிப் போய், நான் கட்டியதை நானே வெட்டக் கிளம்பினேன்.
7. முப்பத்தோராவது வயதில், சால்வை போர்த்தி, பழத்தட்டு கொடுத்து, எனக்குப் பணி ஓய்வு அளித்தார்கள்.
8. போன வாரம் கடையிலிருந்து சந்தியா போன் செய்து, "அக்கா, கிளிப் கழண்டுக்குது, கட்டிடவா?" என்று கேட்டாள்.

எட்டாவது நடக்காமல் இருந்திருந்தால் முதல் ஏழையும் எழுதியிருக்க மாட்டேன். "கட்டாதே" என்று ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். "ஏன்க்கா?" என்று அவளும் நிலோபரும் ஸ்பீக்கரில் ஒன்றாகக் கேட்டார்கள். நான் முன்பு வேலை பார்த்த சைக்கிள் கடையின் மெக்கானிக்குகள் இப்போது அவர்கள் இருவரும்தான். ஏன் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால் இது.

கடை கோட்டக்குப்பத்தில், ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஏழு வருடம் அங்கே வேலை பார்த்தேன். அதற்கு முந்தைய கதை சின்னது. வானூர்ப் பக்கம் சொந்த ஊர். மெக்கானிக்கலில் டிப்ளமா. பிறகு ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் ஒன்றரை வருடம், தினமும் ஒரே ஓட்டையை அளந்தேன். ஓட்டை எப்போதும் சரியாகவே இருந்தது. தப்பாக இருக்கும் எதையாவது அளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு சைக்கிள் கடைக்கு வந்தேன். ஆசை நிறைவேறியது.

முதலாளி ஜப்பார் பாய். துபாயில் ஒரு பெரிய சைக்கிள் ஷோரூமில் இருபது வருடம் சேல்ஸ்மேனாக இருந்தவர். கியர், செயின், சீட் உயரம் எல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். மட்கார்டு மட்டும் மழை பெய்யாத ஊரில் கற்றது. அந்த இருபது வருடத்தில் மட்கார்டு கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர் என்றும், அதில் ஒருவர் கடை மாறி வந்தவர் என்றும் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். அந்த ஒருவரின் அனுபவத்தை வைத்து இந்தக் கடற்கரைக்கே அவர் சட்டம் எழுதினார்.

சட்டம் இது. முடிந்த சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டச் சொல்வார். ஆறடி தள்ளி நிற்பார். இடது கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே மூன்று திர்ஹம் நாணயங்கள். மூன்றையும் அடுக்கி டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் செருகுவார். மூன்றும் போக வேண்டும். கூட ஒரு நகம் போகக் கூடாது. மூன்று திர்ஹம் என்பது ஐந்து மில்லிமீட்டர் சொச்சம். வெர்னியரில் அளந்து என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

"பாய், கம்பெனி பேப்பர்ல பத்து மில்லிக்கு மேல விடச் சொல்லியிருக்குது."

"பேப்பர் அடிச்சவன் சைக்கிளைப் பாத்திருக்கானா? அவ்ளோ கேப் விட்டா குடை புடிச்சிக்கினு போற மாதிரி இருக்கும். டயரோட ஒட்டி வரணும் இன்ஜினியரம்மா. தோல் மாதிரி."

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் சொல்வதைக் கேட்கக் கூடாது என்று முடிவு செய்த நாட்களில் இன்ஜினியரம்மா. மற்ற நாட்களில், ஏம்மா.

இன்னொரு சட்டம் சுவரில் இருந்தது. வெள்ளை போர்டு. மேலே 'திரும்பி வந்தது' என்று எழுதியிருக்கும். கீழே மெக்கானிக்குகளின் பெயர். நாம் முடித்துக் கொடுத்த சைக்கிள் எதற்காகவாவது கடைக்குள் திரும்பி வந்தால் நம் பெயருக்கு நேராக ஒரு கோடு. ஒரு வருடத்தில் மூன்று கோடு விழுந்தால் வேலை இல்லை. எதற்காகத் திரும்பி வந்தது என்று எழுத அந்த போர்டில் இடம் கிடையாது.

வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பாண்டிச்சேரியிலிருந்து வரும் சனி ஞாயிறு வீரர்கள். கார்பன் பிரேம், இறுக்கிப் பிடிக்கும் உடுப்பு, ராத்திரிகூடக் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. மட்கார்டு என்று சொன்னாலே, நடை பழகும் வண்டியில் அவர்களை உட்காரச் சொன்னதுபோல முகம் மாறும்.

"நானூறு கிராம் ஏறுமே மேடம். ஸ்பீடு போயிடாதா?"

"எங்க சார் போறீங்க?"

"மரக்காணம் வரைக்கும். உப்பளத்தாண்ட போட்டோ எடுத்துட்டு, பொங்கல் வடை சாப்பிட்டுட்டுத் திரும்பிடுவோம்."

"வடையை விட்டுடுங்க சார். கார்டை மாட்டிக்கோங்க."

அவர் சிரித்தார். வடையையும் விடவில்லை, கார்டையும் மாட்டவில்லை. சீட்டுக்கு அடியில் செருகும் நாக்கு மாதிரியான பிளாஸ்டிக் துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அது மழையில் எதையும் தடுக்காது. தடுக்க முயன்றோம் என்ற மனநிம்மதியை மட்டும் தரும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் புரிவதில்லை. இந்த ரோடு நனைய மழை தேவையில்லை. உப்பு ஏற்றிய லாரிகள் போகும்போது பின்பக்கத்திலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போகும். சித்திரை வெயிலிலும் இடது ஓரம் ஈரமாக இருக்கும். அந்தத் தண்ணீர் துணியில் பட்டுக் காய்ந்தால் ஓரம் வெள்ளையாகவும் நடு சாம்பலாகவும் ஒரு படம் வரைந்துவிடும். உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் வரப்புப் பாதையில் இறங்கினால் களிமண். ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டிக் கட்டிக்கொண்டு போகிறவர்களின் கட்டிலிருந்து சுள்ளிகள் விழுந்துகொண்டே இருக்கும். உப்பு, களி, சுள்ளி. இங்கே மட்கார்டு தேர்ந்தெடுப்பவர் மூன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாங்கள் உப்பை மட்டும் எடுத்தோம்.

உப்பை ஒழுங்காகத்தான் எடுத்தோம். அலுமினிய மட்கார்டு பளபளப்பாக வந்து ஒரே பருவத்தில் பொரிந்துபோகும், அதனால் பிளாஸ்டிக். அதைத் தாங்கும் ஸ்டே கம்பி துருப்பிடிக்காத எஃகு. பெட்டியில் கூட வரும் திருகுகளைத் தூர வைத்துவிட்டு, எஃகுத் திருகுக்குக் கிரீஸ் தடவிப் போட வேண்டும். டயர் இருபத்தெட்டு மில்லி என்றால் கார்டு அகலம் முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது. முதலில், முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் போர்க்கில் திருகுத் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரேஸ் பிரேம் செய்கிறவர்கள், வாங்குகிறவர் மழையில் நனையமாட்டார் என்ற நம்பிக்கையில் துளையே வைப்பதில்லை. பிரேக்குக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பிறகு. ஸ்டே கம்பியைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். வெட்டிய கம்பி வளராது. இதையெல்லாம் நான் பிழையில்லாமல் செய்தேன்.

முன் சக்கரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பொருள் உண்டு. ஸ்டே கம்பி நேரடியாகப் போர்க்கில் திருகப்படாது. நடுவில் கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு கிளிப். கம்பியின் முனையை அதற்குள் அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். பலமாக இழுத்தால் 'டக்' என்று வெளியே வந்துவிடும். எதற்காக வெளியே வர வேண்டும் என்று கம்பெனி பேப்பரில் இரண்டு வரி இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். நோட்டிலும் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டால் தெரிந்த மாதிரி என்று நினைத்துக்கொள்வது என் பழக்கம்.

இனி ரோசி. மரக்காணத்துக்குப் பக்கத்தில் உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பு. பெற்றோர் உப்பள வேலை. அவள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அவள் அண்ணன் ஆரோவில்லில் தோட்ட வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன் ரோடு பைக்கை அவனிடம் விட்டுவிட்டுப் போனார். ஆட்டுக்கொம்பு ஹேண்டில் தனக்கு வேண்டாம் என்று அண்ணன் தங்கையிடம் தள்ளிவிட்டான். டூட்டி ஏழு மணிக்கு, பஸ் ஏழரைக்கு. அதனால் கொம்பை அவள் பிடித்துக்கொண்டாள். எங்கள் வாடிக்கையாளர்களில் ரோடு பைக்கை வாரத்தில் ஆறு நாள், போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுக்காக ஓட்டியவள் அவள் மட்டும்தான்.

யூனிபார்ம் வெள்ளைக் கோட்டு.

"முதுகுல ஒரு கோடு, கால்ல ரெண்டு பக்கமும் பொட்டு பொட்டா. சூப்பர்வைசரம்மா எல்லார் எதிர்லயும் சொல்லிட்டாங்கக்கா. இன்னொரு தடவை இப்படி வந்தா கோட்டைக் கழட்டிட்டு வீட்டுக்குப் போயிடுன்னு. ரத்தம் எடுக்கற கை, பேஷண்ட் என்னா நினைப்பான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இது ரத்தம் இல்லக்கா, உப்புத்தண்ணின்னு சொன்னேன். அதுக்கு ஒரு மெமோ."

ஒழுங்காக அளந்து, மூன்று திர்ஹம் இடைவெளியில் பொருத்திக் கொடுத்தேன். பாய் ஆறடி தள்ளி நின்று மாஷா அல்லா சொன்னார். பத்து நாளில் ரோசி திரும்பி வந்தாள். முன் கார்டின் கிளிப் வரப்புப் பாதையில் தானாகக் கழன்றுகொள்கிறது. இறங்கி மாட்டினால் மறுபடி கழல்கிறது. கார்டு ஒரு பக்கம் தொங்க, கால் முழுக்கச் சேறு. இரண்டாவது மெமோ வந்துவிட்டது. மூன்றாவது வராது, நேராக வீடுதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

பாய் போர்டில் என் பெயருக்கு நேராகக் கோடு போட்டார். ஏழு வருடத்தில் எனக்கு விழுந்த முதல் கோடு. அந்த நீலக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நான் யோசித்ததால், கிளிப் ஏன் கழல்கிறது என்று யோசிக்கவில்லை. கழலாமல் இருக்க என்ன செய்யலாம் என்றுதான் யோசித்தேன். இந்த ஊரில் அதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. எது ஆடினாலும், எது கழன்றாலும், கட்டு. படகில் மோட்டார் மூடி, பைக்கில் நம்பர் பிளேட், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஸ்டாண்டு, எல்லாம் ஏதோ ஒரு கட்டில்தான் நிற்கிறது. ஒயர்மேன்கள் ஒயரைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டேக் இரண்டு எடுத்தேன். கிளிப்பையும் கம்பியையும் போர்க்கோடு சேர்த்து இறுக்கினேன். நீட்டிக்கொண்டிருந்த வாலை மழுங்க வெட்டினேன். பார்க்கவும் அழகாக இருந்தது.

பாய் குனிந்து பார்த்தார். "இதான்மா மூளை. எல்லா வண்டிக்கும் போட்டுடு. எனுதுக்கும்."

எனுது என்றது அவருடைய சிவப்பு சைக்கிள். கடை வாசலில் நிற்கும். ஞாயிறு காலை அதில்தான் வீரர்களுக்குத் தலைமை தாங்கி மரக்காணம் போவார். அதற்கும் போட்டேன். ஒரு மாதத்தில் பதினொரு சைக்கிள். எதுவும் திரும்பி வரவில்லை. போர்டில் என் ஒற்றைக் கோடு தனியாக நின்றது.

பேராசிரியர் தாமோதரன் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நிதானமாக ஓட்டுகிறவர். ஒரு திங்கட்கிழமை அவர் மனைவி கடைக்குப் போன் செய்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். காறை எலும்பு முறிந்திருந்தது, தாடையில் தையல். கட்டிலுக்குக் கீழே, செய்தித்தாள் விரித்து, உடைந்த முன் மட்கார்டை வைத்திருந்தார்கள். அது விசிறி மாதிரி மடிந்திருந்தது. மடிப்புக்குள் ஒரு கருவேலச் சுள்ளி.

"வீல் நின்னுடுச்சும்மா" என்றார், தாடையை அதிகம் அசைக்காமல். "நான் நிக்கல. முதல் விதியை முப்பது வருஷம் போர்டுல எழுதிப் போட்டேன். செய்முறை இப்பதான் முடிஞ்சுது."

சுள்ளி டயரில் ஒட்டி மேலே போயிருக்கிறது. டயருக்கும் கார்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கார்டை இழுத்திருக்கிறது. அந்த இடத்தில் கிளிப் 'டக்' என்று கழன்றிருக்க வேண்டும். கார்டு விலகியிருக்கும், சத்தம் கேட்டு அவர் நிறுத்தியிருப்பார். அந்த இரண்டு வரிதான் பேப்பரில் இருந்தது. கிளிப் கழலவில்லை. கார்டு மடிந்து போர்க்குக்கு அடியில் ஆப்பாக இறுகிவிட்டது.

டேக் மட்டும் புதிதாக இருந்தது. ஒரு கீறல் இல்லை.

"இதைக் கட்டினது நீயாம்மா?" என்று அவர் மனைவி கேட்டார்.

"நான்தாங்க."

"நல்லாத்தான் கட்டியிருக்க."

திட்டியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கடைக்கு வந்து நோட்டைத் திறந்து பத்துப் பெயரையும் ஒரு தாளில் எழுதினேன். யார் எந்த வழியில் போகிறார்கள், எத்தனை நாள் போகிறார்கள் என்று பக்கத்தில் குறித்தேன். ரோசியின் பெயர் மேலே வந்தது. ஆறு நாள், கருவேலம் இரண்டு பக்கமும் இருக்கும் பாதை. போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். மற்றவர்களுக்குப் போன் செய்ய ஆரம்பித்ததும் பாய் வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"யாருக்கும்மா போனு?"

"டேக் போட்ட எல்லாருக்கும். வரச் சொல்லி வெட்டிடலாம் பாய்."

"இன்னான்னு சொல்லி வரச் சொல்லுவ? நாங்க தப்பா கட்டிட்டோம்னா?"

"ஆமாம்."

"வாத்தியார் வுழுந்தது ரோட்டுல. கடையில இல்ல. வண்டி திரும்பி வரல, கோடு போடல. நீயா எதுக்கு இழுத்துக்கற?"

"இன்னொருத்தர் விழுந்தா?"

"அல்லா இருக்கான்மா."

"அவன் கிளிப்பும் குடுத்திருந்தான் பாய். நாமதான் கட்டிட்டோம்."

பாய் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. "கடைக்குள்ள வந்தா கோடுதான். ஒண்ணொண்ணுக்கும். உனக்காக சட்டத்தை மாத்த முடியாது இன்ஜினியரம்மா" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குக் கிளம்பினார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கட்டர் பிளேயரை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டியில் மரக்காணம் போனேன். உப்பளப் பாதை ரோட்டில் ஏறும் இடத்தில் நின்றேன். பாத்திகளில் ஆட்கள் அதற்குள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பாதையில் சுள்ளிகள் கிடந்தன. எண்ண ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டேன். தூரத்தில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. ரோசி வேகமாக வந்தாள். ஒவ்வொரு குழியிலும் முன் சக்கரம் குதித்தது. அவள் வந்து சேர்வதற்குள் கட்டரைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"என்னக்கா இங்க?"

சொன்னேன். கட்டரைப் பார்த்ததும் சைக்கிளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வெட்டாதீங்க. ஒரு மாசமா ஒரு பொட்டு இல்லாம போறேன். வெட்டினா மறுபடி கழண்டுக்கும்."

"வாத்தியார் ஒருத்தர் விழுந்துட்டார் ரோசி. காறை எலும்பு போச்சு."

"அவருக்குப் பென்ஷன் வருது, வுழலாம். எனக்கு வேலை போயிடும்க்கா. நீங்க வந்து சூப்பர்வைசரம்மா கிட்ட கிளிப்பு கதை சொல்வீங்களா?"

குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். பார்க்க வேண்டியதை ஒரு மாதம் தாமதமாகப் பார்த்தேன். டயர் முழுக்கக் களிமண் சப்பாத்திபோல ஒட்டிக் காய்ந்திருந்தது. கார்டின் உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தது. மூன்று திர்ஹம் இடைவெளியில் ஒரு திர்ஹத்துக்குக்கூட இடமில்லை. அவள் கிளிப்பில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. உள்ளே இடமில்லை என்று ஒவ்வொரு முறையும் அது சொல்லியிருக்கிறது. நான் அதன் வாயைக் கட்டினேன்.

"இன்னிக்கு உன்னை நான் ஸ்கூட்டில கொண்டுபோய் விடறேன். சாயந்திரமும் நானே. சைக்கிளை நாளைக்குக் குடுக்கறேன். கழண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்கற மாதிரி செஞ்சு குடுக்கறேன்."

"பொட்டு வுழாதே?"

"விழாது."

"வுழுந்தா?"

"நான் வந்து கிளிப்பு கதை சொல்றேன்."

சைக்கிளை அங்கேயே, பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அவள் அப்பாவிடம் விட்டோம். பிறகு ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். டயரை இருபத்தைந்துக்கு மாற்றினேன். கார்டை ஏற்றிப் பதினாறு மில்லிமீட்டர் விட்டேன்; அடுக்கினால் ஒன்பது திர்ஹம் போகும். இவ்வளவு உயர்த்தினால் சேறு கீழே சிதறும் என்பதால், தண்ணீர் கேன் ஒன்றை வெட்டி, கார்டின் பின்முனையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை தொங்கும்படி வெள்ளையாக ஒரு துண்டு பொருத்தினேன். கிளிப்பைக் கையால் பத்து முறை இழுத்துப் பார்த்தேன். பத்து முறையும் கழன்றது. பிறகு ஈரக் களியை அள்ளி டயரில் அப்பி, ஒரு சுள்ளியைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றினேன். 'டக்.' அந்தச் சத்தத்தை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது அன்றுதான்.

பாய் ஆறடி தள்ளி நின்றார். இடது கண்ணை மூடினார். திறந்தார்.

"வாத்து மாதிரி இருக்குது."

"ஆமாம் பாய்."

"கடை ஸ்டிக்கரை எடுத்துடு."

எடுத்துவிட்டேன்.

மற்றவர்களும் நான் போனில் சொல்ல, அந்த வாரம் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர், கிளிப் கழன்று வீடியோவில் அசிங்கமாகத் தெரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பேராசிரியரின் கார்டு மடிந்த படத்தைக் காட்டினேன். அது வீடியோவில் இன்னும் நன்றாக வரும் என்றேன். வெட்டச் சொன்னார். ஒவ்வொரு சைக்கிள் உள்ளே வந்தபோதும் நானே எழுந்து போய் என் பெயருக்கு நேராகக் கோடு போட்டேன். மூன்றைத் தாண்டியதும் பாய் மார்க்கர் பேனாவை ஒளித்து வைத்தார். நான் வேறு பேனா வாங்கி வந்தேன். சட்டம் போர்டில் இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் பாய் மட்டுமல்ல.

பத்தில் கடைசி அவருடைய சிவப்பு சைக்கிள்.

"அதைத் தொடாத" என்றார். "நான் பாத்து ஓட்டுவேன்."

பேராசிரியரும் பார்த்துத்தான் ஓட்டினார் என்று சொன்னேன். அவர் கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. கடையில் ஒரு விழா வைத்தார். வாடிக்கையாளர்கள் இருபது பேர், சமோசா, டீ. பின்னால் பேனர்: 'பணி நிறைவுப் பாராட்டு விழா.' அதில் என் படத்துக்குக் கீழே என் பெயர் முதல் முறையாக, சரியாக, வாணி என்று அச்சாகியிருந்தது. இப்படி ஒரு பேனருக்கு முன்னால் முப்பத்தோரு வயதில் யாரும் ஓய்வு பெற்றிருக்க மாட்டார்கள். பாய் மைக்கில் பேசினார். தரத்தில் சமரசமே செய்யாத ஊழியர் என்றார். சால்வை போர்த்தும்போது காதோரம், "எங்க போனாலும் சொல்லு, நல்ல வார்த்தை சொல்றேன்" என்றார். அதையும் அவர் உண்மையாகத்தான் சொன்னார். அவர் மீது எனக்கு முழுக் கோபம் வராததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், டேக்கைக் கட்டிய கை அவருடையது இல்லை.

இப்போது நான் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்தில் அளவைக் கருவிகள் சொல்லிக்கொடுக்கிறேன். வெர்னியரை எப்படிப் பிடிப்பது என்று முதல் நாள். எதை அளக்கிறோம் என்பதற்கு முன் எந்தச் சேற்றில் ஓடப்போகிறது என்று கேட்கச் சொல்வது இரண்டாம் நாள்.

போன வாரம் நடந்ததைச் சந்தியாவே சொன்னாள். ரோசி காலையில் டூட்டிக்குப் போகும் வழியில் ஒரு சுள்ளி மாட்டி கிளிப் கழன்றது. 'டக்' சத்தம் கேட்டு நிறுத்தினாள். சுள்ளியை உருவினாள், கிளிப்பை அழுத்தினாள், ஆறு ஐம்பத்தைந்துக்கு ஆஸ்பத்திரிக்குள் இருந்தாள். சாயந்திரம் கடைக்கு வந்து, அந்தச் சுள்ளியைக் கல்லா மேல் வைத்து, "வாணிக்கா கிட்ட சொல்லிடுங்க, கழண்டுச்சு, நான் வுழல" என்று சொல்லியிருக்கிறாள். சைக்கிள் கடைக்குள் வந்துவிட்டதால் பாய் கோடு போட்டார். போர்டில் என் பெயர் இல்லை என்பதால் சந்தியாவின் பெயரில். அதனால்தான் அவள் கட்டிடவா என்று கேட்டாள்.

இன்றைய நிலவரம் இது. ஒன்பது சைக்கிளில் டேக் வெட்டப்பட்டிருக்கிறது. பேராசிரியர் வேறு கார்டு மாட்டி, தோளில் கொஞ்சம் வலியோடு ஓட்டுகிறார். ரோசியின் கோட்டு வெள்ளையாக இருக்கிறது, வேலையும் இருக்கிறது. சந்தியாவுக்கு ஒரு கோடு, நிலோபருக்கு இல்லை. கட்டர் பிளேயர் கடையின் இரண்டாவது டிராயரில், நான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. கடை வாசலில் நிற்கும் சிவப்பு சைக்கிளில் டேக் இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது மரக்காணம் போகும்.